ஏரிக்கு அக்கரையில் கொதித்த எஞ்சின்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து அது பதினான்காவது மாதம். லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடி ஃபிளாட்டின் லிஃப்ட் பழுதாகி அன்றோடு ஒன்பது நாள். அவருடைய வலது கையும் வலது காலும் இயங்குவதில்லை. படியால் இறக்க வழியில்லை. தனியே விட்டுவிட்டு நான் போகவும் முடியாது. காலையில் கேயரர் வந்து அவரைக் கழுவித் துடைத்துச் சட்டை மாற்றிவிடும் முக்கால் மணி நேரத்துக்குள் ஓடிப்போய்ப் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வருவேன். அந்த ஒன்பது நாளும் எனக்குக் கிடைத்த வெளிக்காற்று அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடம் பஸ் கராஜில் ஃபிட்டராக வேலை செய்தவர் அவர். இப்போது அவரிடம் மிஞ்சியிருந்தது ஆமாம் என்பதற்கான ஒரே ஒரு சொல். ஓம். பசித்தாலும் ஓம், வலித்தாலும் ஓம், வேண்டாம் என்றாலும் ஓம். பேச்சுப் பயிற்சி தர வரும் பெண் தொடக்கத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தாள். அவருக்கு எல்லாம் விளங்கும், சொல் மட்டும்தான் மாறி வரும், மனதில் இல்லை என்று இருந்தாலும் வாய் ஓம் என்று சொல்லிவிடும், அதனால் அந்த ஓமை நம்ப வேண்டாம் என்றாள். நான் நம்பவில்லை. நம்பாததால் கேட்பதையும் விட்டுவிட்டேன். எந்தச் சட்டை, எத்தனை மணிக்குத் தேநீர், எந்தச் சானல், எல்லாவற்றையும் நானே தீர்மானித்தேன். வேலை சுலபமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்தப் பார்வைக்கு அகப்படாமல் நடமாடப் பழகிக்கொண்டேன்.

அது ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் மூன்று மணியிருக்கும், தம்பி வீடியோவில் வந்தான். அவன் கனடாவில், ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறான். அந்த வருடம்தான் பழைய ஸ்னோமொபைல் ஒன்று வாங்கியிருந்தான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டையும் பின்னால் ரப்பர்ப் பட்டியும் வைத்துப் பனியில் ஓடுகிற மோட்டார்ச் சைக்கிள் மாதிரி ஒன்று. அதிலே, உறைந்து கிடந்த ஏரியைக் கடந்து, கூட வேலை செய்கிறவரின் மரக்குடிசைக்கு இரண்டு நாள் தங்கப் போயிருக்கிறான். தனியாக. திரும்ப வெளிக்கிட்டபோது எஞ்சின் கொதித்துவிட்டது.

அங்கே அப்போது காலை பத்து மணி. அவனுடைய தாடியில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. மூன்று மணிக்கு ஷிப்ட் என்றான். நடந்து கடந்தால் நாலைந்து மணித்தியாலம், அந்தக் குளிரில் அது சரிவராது. அந்த ஊரில் பழுதான வண்டிகளை இழுத்து வருகிறவருக்குப் போன் அடித்துப் பார்த்தானாம், நாளைக்குத்தான் ஏலும் என்று சொல்லிவிட்டாராம். குடிசையில் அடுப்பும் விறகும் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றான். பிறகு, "போனை அத்தானிட்டைக் குடுங்கோ அக்கா" என்றான்.

அவர் கதைக்க மாட்டார் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"கதைக்கத் தேவையில்லை. நான் காட்டுறன். அவர் பாக்கட்டும்."

பதினான்கு மாதத்தில் அவரிடம் ஒரு விஷயம் கேட்டு வந்த முதல் ஆள் அவன்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவருடைய தலைக்கு மேலாலே என்னுடன்தான் கதைப்பார்கள். சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளி, போனைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்தேன்.

தம்பி மூடியைக் கழற்றி எஞ்சினைக் காட்டினான். எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை நிறக் கூலன்ட் இருக்கிற பிளாஸ்டிக் போத்தல் நுரைத்து வழிந்து, கீழே பனியெல்லாம் பச்சையாகக் கிடந்தது. ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் சிவப்பு லைட் எரிகிறது, உடனே போத்தல் பொங்கி வழிகிறது, இப்போதுதான் நிறுத்தினேன் என்றான். பிறகு போத்தலின் மூடியில் கையை வைத்துக்கொண்டு, "அத்தான், இதைத் திறந்து பாக்கட்டோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றார் இவர்.

அதே கணத்தில் அவருடைய இடது கை மேசையில் படீரென்று அறைந்தது. தேநீர்க் கோப்பை சரிந்தது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"தொடாதை!" என்று கத்தினேன். "அவர் சொன்ன ஓம் ஓம் இல்லை. கையை எடு!"

தம்பி கையை எடுத்தான். கொதித்த எஞ்சினின் மூடியைத் திறந்தால் சுடுதண்ணீர் சீறி அடித்து முகம் வெந்துபோகும் என்பது அவனுக்கும் தெரியும்தான், அவசரத்தில் மறந்துவிட்டான். ஆறும் வரைக்கும் இருக்கிறேன் என்று குடிசைப் படியில் குந்திக்கொண்டான்.

அந்த நேரத்தில் இவர் யன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேட்டரைக் காட்டத் தொடங்கினார். குளிர்கிறதாக்கும் என்று போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். இழுத்து எறிந்தார். ஹீற்றிங்கைக் கூட்டிவிட்டு வந்தேன். திரும்பவும் அதையே காட்டினார். "ஓம், ஓம், ஓம்" என்று குரல் உயர்ந்துகொண்டே போனது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் நின்றது.

"எனக்கு விளங்கேல்லை. என்னாலை இனி ஏலாது" என்றேன். அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன்.

தம்பியும் கேட்டிருந்தான். விடுங்கோ அக்கா, வேறு யாரையும் கேட்டுப் பார்க்கிறேன் என்று மெதுவாகச் சொன்னான்.

இவர் இடது காலால் தரையை உந்தினார். நாற்காலி சாண் சாணாக நகர்ந்தது. நான் உதவிக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் போய் இடது உள்ளங்கையை அதன் அடியில் வைத்தார், பிறகு மேலே வைத்தார். அடியில், மேலே. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதேபோல வைத்தார். அடிப்பக்கம் சுட்டது. மேல்பக்கம் குளிர்ந்து கிடந்தது. கையை விட்டுவிட்டு, காற்றில் விரல்களால் ஒரு சின்னச் சாவியைத் திருப்பினார்.

ஒவ்வொரு ஒக்டோபரும் அவர் வீடு முழுக்கப் போய்ச் செய்கிற வேலை அது. ரேடியேட்டருக்குள் காற்று அடைபட்டால் சுடுதண்ணீர் மேலே ஏறாது. சாவியால் திருகித் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். போன ஒக்டோபரில் அதைச் செய்ய ஆளில்லாமல் போய்விட்டது. நான் கவனிக்கவேயில்லை.

"காத்து" என்றேன். "தம்பி, உள்ளுக்கை காத்து அடைபட்டு நிக்குதாம்."

அவன் எழும்பினான். போன கிழமை ஒரு குழாயை மாற்றினேன், கூலன்ட்டை வடித்துவிட்டு நானேதான் திரும்ப ஊற்றினேன் என்றான். காருக்கு இருப்பதுபோல அந்த வண்டிக்கு முன்னால் ரேடியேட்டர் இல்லை. சூடான கூலன்ட் இருக்கைக்குக் கீழே நீளமான அலுமினியத் தகட்டுக்குள்ளால் ஓடும், பட்டி வாரியெறிகிற பனி அதில் பட்டுக் குளிரும். அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். எஞ்சின் இன்னும் சூடாக இருக்க, அது ஐஸ் மாதிரி இருந்ததாம். கூலன்ட் அங்கே போகவேயில்லை. எஞ்சினுக்குள்ளேயே நின்று கொதித்திருக்கிறது.

ஆறியபின் மூடியைத் திறந்தபோது போத்தலில் பாதிகூட இல்லை. பனியை உருக்கி ஊற்றட்டோ என்று கேட்டான். தண்ணீர்தானே, ஊற்று என்றேன் நான். மேசையில் மறுபடி அறை விழுந்தது. வெறும் தண்ணீர் உள்ளே உறைந்தால் எஞ்சின் வெடித்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் இந்த முறை நான் அவருடைய வாயைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைந்தால் இல்லை. விரலால் இரண்டு முறை தட்டினால் சரி. யாரும் சொல்லித் தராமலே அது எங்கள் மூன்று பேருக்கும் பிடிபட்டுவிட்டது. தம்பி வண்டியின் பின்பெட்டியைத் துழாவி, போன கிழமை மிஞ்சிய கூலன்ட் கேனை எடுத்துக் காட்டினான். இரண்டு தட்டு.

பிறகு இவர் டிவி ரிமோட்டை எடுத்து, ஒரு நுனியை மேசையில் வைத்து மறு நுனியை உயர்த்திப் பிடித்தார். முன்பக்கத்தைத் தூக்கச் சொல்கிறாரோ என்று கேட்டேன். தட்டினார். தம்பி விறகுக் கட்டைகளை அடுக்கி, சறுக்குக் கட்டைகள் இரண்டையும் அதன்மேல் ஏற்றினான். போத்தல்தான் இப்போது எல்லாவற்றுக்கும் மேலே. மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, போனைப் போத்தலுக்கு நேரே பிடித்தான்.

குமிழி வந்தது. ஒன்று, பிறகு கொத்துக் கொத்தாக. இவர் மூக்கு போன் திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை மூடி மூடித் திறந்தார். குழாயைக் கையால் அமத்திவிடு என்று நான் சொன்னேன், தம்பி அமத்தினான், பெரிய குமிழி ஒன்று வந்து உடைந்து மட்டம் சட்டென்று இறங்கியது. ஊற்றினான். மறுபடி குமிழி. இவருடைய சுட்டுவிரல் உயர்ந்தே நின்றது, பொறு என்று. குமிழி ஓயாமல் வந்திருந்தால் எஞ்சினுக்கு உள்ளேயே உடைவு, அங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று தம்பி பிறகு விளங்கப்படுத்தினான். அப்போது எனக்கு அது தெரியாது. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குமிழி நின்றது. விரல் இறங்கி, இரண்டு முறை தட்டியது. "தகடு சுடுது அக்கா" என்றான் தம்பி.

மூடியைப் பூட்டி விறகுக் கட்டைகளை எடுத்துவிட்டு, அடிக்கடி நின்று லைட்டைப் பார்த்துக்கொண்டு போகிறேன் என்றான். "வாறன் அத்தான்" என்றான். என்னிடம் சொல்லவில்லை. திரை கறுத்தது.

யன்னலுக்கு வெளியே ஐந்து மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. அவன் ஏரிமேல் போய்க்கொண்டிருப்பான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. அவனுக்கு இரண்டு மணித்தியாலத்தில் வழி பிறந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் இந்த மேசையடியில் அப்படியே இருந்தோம். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து சாவியைத் தேடி எடுத்து ரேடியேட்டரைத் திருகினேன். நெடுநேரம் உஸ்ஸென்று சீறி, கறுப்புத் தண்ணீர் துணியில் வடிந்தது. அவர் போதும் என்று தட்டும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, நான் சொன்னதை மனதில் வைக்க வேண்டாம் என்றேன்.

"ஓம்" என்றார். கை தட்டவுமில்லை, அறையவுமில்லை, மடியிலேயே கிடந்தது. அந்த ஓமை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்து மெசேஜ் அனுப்பினான். வியாழக்கிழமை லிஃப்டும் சரிவந்தது. நான் திரும்பவும் அவரிடம் கேட்கத் தொடங்கினேன். நீலச் சட்டையா, சாம்பலா? இப்போது தேநீரா, பிறகா? பல வருடமாக அவர் தேநீருக்குச் சீனி குறைவாகக் குடிக்க விரும்பியிருக்கிறார் என்று அப்போதுதான் அறிந்தேன். பேச்சுப் பயிற்சிக்காரிக்கு நல்ல சந்தோஷம், படங்கள் ஒட்டிய அட்டை ஒன்று செய்து தந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அவர் என்னை இழுத்து, எதிர்ச் சுவரின் பக்கம் கையை நீட்டினார். கலண்டரா என்று கேட்டேன், அறைந்தார். மணிக்கூடா? அறைந்தார். படமா, சுவிட்ச்சா, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அறையா? அட்டையைக் கொண்டுவந்து ஒவ்வொரு படமாகத் தொட்டுக் காட்டினேன். நாற்பது நிமிடம் போயிருக்கும். கடைசியில் அவர் கையை இறக்கி என் மணிக்கட்டின்மேல் வைத்தார். பரவாயில்லை, விடு என்பதுபோல. என்ன கேட்டார் என்று எனக்கு இன்னும் தெரியாது.