நான் போடாத கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை காலை, கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் ஃப்ளாட்டில் நடந்தது இது. நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஹாஸ்டல் லீவு ஃபாரத்தோடு வந்து நின்றாள். ஐந்து நாள் ஊருக்குப் போய்வர வேண்டும், லோக்கல் கார்டியன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவள் எனக்கு ரத்த சொந்தம் இல்லை. பங்களாதேஷில் ஜெசோர் பக்கத்துப் பெண். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவைத்தான் எனக்கு முதலில் பழக்கம். ஹவுராவில் சென்னை ரயில் ஏறினேன், ஒரு கல்யாணத்துக்காக. எதிர் பெர்த்தில் அவரும் மனைவியும், அவருடைய வைத்தியத்துக்காக வேலூருக்குப் போகிறவர்கள். தமிழில் ஒரு எழுத்து தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். நான் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள், வங்காளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆட்டோக்காரரிடம் காட்டுவதற்குத் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன், என் போன் நம்பரோடு. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே! டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு போன் போட்டு நர்ஸ் கையில் கொடுத்துவிடுவார். நர்ஸ் தமிழில் சொல்வதை நான் அவருக்கு வங்காளத்தில் சொல்வேன். குளிர்காலத்தில் வந்தால் அவர்கள் ஊர்ப் பேரீச்ச வெல்லம் ஒரு பானை எங்கள் வீட்டில் இறங்கும். அதில் சர்க்கரைப் பொங்கல் வைத்தால் அந்த ருசியே தனி.

மகளுக்கு இங்கே இடம் தேடியபோதும் என்னைத்தான் கேட்டார். ஃபாரம் நிரப்புவதென்றால் எனக்குக் கொண்டாட்டம். அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் லீவு செக்‌ஷனைக் கட்டி மேய்ப்பவள் நான். எங்கள் சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு நானும் அவளும் இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். ஹாஸ்டல் ஃபாரத்தில் லோக்கல் கார்டியன் கட்டம் வந்தபோது, கூட வந்திருந்த அவள் அப்பா பேனாவை வாங்கி என் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். "இனிமே காலாம்மா சொன்னா நான் சொன்ன மாதிரி" என்று மகளிடம் சொன்னார். காலாம்மா என்றால் அவர்கள் பேச்சில் சித்தி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மாதம் முன், ஏப்ரலில், வேலூரிலிருந்து வழக்கம்போல போன் வந்தது. நர்ஸ் பேசினார். "இனிமே இவ்வளவு தூரம் அலைய வைக்க வேணாம்மா. வீட்டுலயே வச்சு நல்லா பாத்துக்கச் சொல்லுங்க." இதை அந்த மனிதருக்கு வங்காளத்தில் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. பிறகு, "தீதி, பொண்ணுக்குத் தெரிய வேண்டாம். ஜூலையில பரீட்சை முடியட்டும். எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்றார். பண்ணினேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "அப்பா வீடியோல வரவே மாட்டேங்கறார், காலாம்மா. கேமரா கெட்டுப்போச்சுங்கறார். குரலும் சரியில்ல. ஒரு தடவை பாத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றாள். அவர்களும் அப்பா என்றுதான் சொல்கிறார்கள், நம் காதில் நம்முடைய அப்பாவாகவே விழும்.

இருபது வருடம் லீவு லெட்டர்களைப் பார்த்தவள் நான். ஒரே தாத்தாவை மூன்று தடவை சாகடித்தவர்களை எனக்குத் தெரியும். யார் பொய் சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அன்றைக்குப் பொய் சொன்னது நான்தான். "அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்கார். நேத்துகூடப் பேசினேன். பரீட்சைக்குப் பதினஞ்சு நாள் இருக்கு, இப்பப் போய் ஊரா? போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்று அதட்டினேன். அவள் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

"கையெழுத்துதானே கேட்டா, கிட்னியா கேட்டா?" என்றார் என் கணவர். "சொல்லாதேன்னுதான் அவர் சத்தியம் வாங்கினார். அவளை அனுப்பாதேன்னு சொல்லலியே?"

"அவ போய்ப் பாத்தாத் தெரிஞ்சுடாதா? உங்களுக்கு ஒரு இழவும் புரியாது" என்று அவர் வாயையும் அடைத்தேன்.

ஜெசோர் ஒன்றும் சந்திரமண்டலம் இல்லை. இங்கிருந்து ஐந்தாறு மணி நேரம். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் இன்னும் நாலைந்து மாதம் தாங்குவார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த டாக்டரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் மனைவி போன் செய்தார். அழுகையில் வார்த்தையே வரவில்லை, எனக்கும் வார்த்தை தேவைப்படவில்லை. ஹாஸ்டலுக்கு ஓடினேன். வார்டன் மேஜையில் அதே மாதிரி ஒரு ஃபாரம். இரண்டு நொடியில் கையெழுத்துப் போட்டேன், பாவி.

வாடகைக் காரில் எல்லை வரை அவளோடு போனேன். வழியெல்லாம் மழை. மடியில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், அழவில்லை. பெட்ராபோல் எல்லைச் சாவடியில் நீளமான வரிசை. என்னிடம் விசா இல்லை, அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியாது. பிரிகிற இடத்தில் கேட்டாள், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, காலாம்மா?"

தெரியும் என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

அவள் என்னை வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. "ஹாஸ்டல்ல பாதிப் பேர் கார்டியன் கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கறாங்க. எனக்கும் உங்க கையெழுத்து நல்லா வரும். நீங்க சொன்னா அவர் சொன்ன மாதிரின்னு அப்பா சொன்னாரே, அதனாலதான் போடல" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சொந்தக்காரர்கள் அடக்கத்தைச் சாயங்காலத் தொழுகை வரை நிறுத்தி வைத்திருந்தார்களாம். அதனால் முகத்தைப் பார்த்துவிட்டாள். அந்த முகம்தான் அவளைப் பார்க்கவில்லை. கடைசி வாரம் முழுக்க வாசல் கதவைச் சாத்தவே விடவில்லையாம் அவர். அவள் அம்மா பிறகு போனில் சொன்னார். பொண்ணு வர்றாளா என்று ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்கவில்லையாம், கதவு மட்டும் திறந்திருக்க வேண்டுமாம். இதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எந்தப் பரீட்சைக்காக அவளைப் பிடித்து வைத்தேனோ, அதையும் அவள் எழுதவில்லை.

நாற்பது நாள் கழித்து வந்தாள், புது ஹாஸ்டல் ஃபாரத்தோடு. கார்டியன் கட்டத்தில் என் பெயரை ஏற்கனவே எழுதியிருந்தாள். "வேற யாரையாவது போட்டுக்கோம்மா. எனக்கு அந்த யோக்கியதை இல்ல" என்றேன். "அப்பா எழுதின பேரு. நான் மாத்த மாட்டேன்" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

படிப்பு முடிகிற வரை அவள் என்னைக் காலாம்மா என்றுதான் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், தோசை சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். ஆனால் லீவு ஃபாரம் மட்டும் கொண்டு வரவே இல்லை. ஹாஸ்டலைப் பூட்டினால் ஒழிய ஊருக்குப் போகவில்லை. ஒரு ஈத் சமயம் மனசு கேட்காமல் நானே பேனாவை எடுத்துக்கொண்டு, "அம்மா தனியா இருப்பாங்களே, போயிட்டு வாயேன். நான் போட்டுத் தரேன்" என்றேன்.

"பரவால்ல, காலாம்மா. பரீட்சை இருக்கு" என்றாள்.

இப்போது ஆபீஸில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று யார் தாளை நீட்டினாலும் ஒரு கேள்வி கேட்காமல் அனுமதித்துவிடுகிறேன். நன்றாக ஏமாற்றுகிறார்கள் என்று கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஏமாற்றிவிட்டுப் போகட்டும், நூறு பேருக்குப் போட்டாலும் அந்த ஒருத்திக்கு நான் போடாதது போடாததுதான்.