லைட் அடித்தால் ஒதுங்குகிறவள்

முதல் பத்துப் பந்தயங்களில் ஒன்றைக்கூட நான் இடிபடாமல் முடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோபம்தான் இருக்கிறது. இன்னும் ஆறவில்லை.

கணினியில் ஆன்லைனில் மற்றவர்களோடு கார் பந்தயம் ஓட்டுவது என் கணவரின் ஆசை. ஸ்டியரிங், பெடல் எல்லாம் வாங்கி ஹாலில் ஒரு மேஜையில் பொருத்தினார். ஒரே மாதம்தான். அதன் பிறகு ஸ்டியரிங்கில் ஈரத்துண்டு காய்ந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் உட்கார்ந்தேன். கோவிலம்பாக்கத்திலிருந்து தாம்பரத்தில் இருக்கும் பள்ளிக்குப் பதினைந்து வருடமாக ஸ்கூட்டரில் போய்வருகிற பிளஸ் டூ இயற்பியல் டீச்சர் நான். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே கடைநிலை உரிமம். இடிக்காமல் ஓட்டினால் பாதுகாப்பு ஸ்கோர் ஏறும், உரசினால் இறங்கும். யார் மேல் தப்பு என்று அந்தக் கணினி பார்க்காது. இரண்டு பேருக்கும் குறைத்துவிடும். பேசியது யார் என்று கேட்காமல் பெஞ்சையே வெளியே நிறுத்துகிற வாத்தியார்களை எனக்குப் பிடிக்காது. இதுவும் அந்த ரகம்தான்.

நம் பக்கத்து ஆட்கள் இருபது பேர் ஞாயிறுதோறும் தங்களுக்குள் ஒரு பந்தயம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நடத்துகிறவர் கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலையில் இருப்பவர். ஒரே ஒரு இடம் காலி என்றார்.

“சனிக்கிழமைக்குள்ள உங்க ஸ்கோர் மூணு தொடணும் மேடம். இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்.”

அந்த இடம் எனக்கு வேண்டும். ஒன்றை இவ்வளவு வேண்டும் என்று நினைத்தே பல வருடம் ஆகியிருந்தது.

ஆனால் இடித்துத் தள்ளினார்கள். பின்னால் வருகிறவன் லைட் அடிப்பான், அடுத்த நொடி என் மேல் வந்து விழுவான். அதோடு விடாமல் மைக்கில் என்னையே திட்டுவான். எல்லாம் ரவுடிப் பயல்கள் என்று முடிவு கட்டி, நடந்த பந்தயத்தின் வீடியோவை ஆதாரமாக அந்தக் கேளம்பாக்கத்துக்காரருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“மேடம், குறுக்க போறதே நீங்கதான். லைட் அடிச்சா எதுக்கு லெஃப்ட்ல ஒதுங்குறீங்க? அவன் அந்தப் பக்கமாத்தான் தாண்ட வர்றான். நீங்க பாட்டுக்கு உங்க லைன்ல போங்க. பாத்துத் தாண்டுறது பின்னாடி வர்றவன் பொறுப்பு.”

மறுபடி போட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு முறையும் லைட், உடனே இடது பக்கம். மேடவாக்கம் ரோட்டில் தண்ணி லாரி லைட் அடித்தால் மண்ணில் இறங்கி வழி விட்டே பழகிய கை. யாரும் கேட்காமலேயே விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு என் கையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக ஓட்டினேன். சனிக்கிழமை மாலை ஸ்கோர் 2.98. இடிபடாமல் இன்னும் ஒரே ஒரு பந்தயம் போதும். “நானும் வர்றேன் மேடம்” என்று கேளம்பாக்கத்துக்காரரும் சேர்ந்துகொண்டார்.

கடைசிச் சுற்று. எனக்குப் பின்னால் அவர். லைட் அடித்தார். மறுபடி அடித்தார். கை இடது பக்கம் இழுத்தது. நான் நகரவில்லை. வளைவில் உள்பக்கமாக நுழைந்து என்னை இடித்தார். இரண்டு காரும் சுழன்று ஜல்லியில் போய் நின்றன.

“என்ன மேடம், கொஞ்சம் வழி விட்டிருக்கலாம்ல!”

“பாத்துத் தாண்டுறது பின்னாடி வர்றவன் பொறுப்புன்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

“அது சரிதான் மேடம். ஆனா ரூல் ரூல்தான். உங்களுக்கு மூணு வரலையே” என்றார். அவருக்கும்தான் குறைந்தது. மலையளவு வைத்திருக்கிறவருக்கு அது ஒரு பொருட்டா? மறுநாள் என் இடத்தில் வேறு யாரோ ஓட்டினார்கள்.

“விடு, கேம்தான?” என்றார் என் கணவர். துண்டாலேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போது பின்னால் ஒரு கார் லைட் அடித்தது. நான் நினைப்பதற்குள் ஸ்கூட்டர் மண்ணில் இறங்கியிருந்தது. கார் பாட்டுக்குப் போய்விட்டது. வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுக் கத்தினேன். ஓரமாக இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அக்கா அரிவாளோடு ஓடி வந்தாள்.

“இன்னாம்மா, இடிச்சிட்டானா?”

“இல்லக்கா” என்றேன். “நானேதான் ஒதுங்கிட்டேன்.”