பத்து நிமிடம் ஆறவிட வேண்டும்

எந்த மிக்ஸர் வாங்கலாம் என்று என்னிடம் யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது. உணவகத்தில் வேலை செய்தவன், மெஷின் வகையெல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக் கேட்கிறார்கள். நானும் எத்தனை வாட்ஸ், ஜாடி கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிடுவேன். பிறகு அன்றைக்கு முழுக்க மனைவியின் முகத்தை நேராகப் பார்க்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். எனக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. கையில் தற்காலிக விசாக் கடதாசி. அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அந்த நேரம் பார்த்து ஊரில் மனைவியின் தாய் செத்துப்போனார். செய்தி கொழும்பைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தபோது பதினொரு நாள் கடந்திருந்தது. எரித்து, காடாற்றி, எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. ஒரே மகள் அவள். தாய்க்கென்று அவள் செய்வதற்கு மிஞ்சியது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் படையல் ஒன்றுதான்.

"மற்றதெல்லாம் எப்பிடியும் செய்யலாம். உழுந்து வடை மட்டும் நான் அரைச்சுச் சுடோணும்" என்றாள். "அம்மாவுக்குக் கடைசியிலை ஒரு பல்லும் இல்லையாம். கடிதத்திலை எழுதுவிச்சவ. பட்டுப்போலை அரைபடோணும்."

எங்கள் வீட்டில் அரைக்கிற சாமான் ஒன்றும் இருக்கவில்லை. கறித்தூளைக் கடையில் வாங்குவோம், தேங்காய்ப்பூ பைக்கற்றில் வரும். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை இருவரும் நகரத்துப் பெரிய கடைக்குப் போனோம். இரவே ஊறப்போட்ட உழுந்தை ஒரு டப்பாவில் போட்டு என் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். யோசனை என்னுடையது. மாட்டைச் சுழி பார்த்து வாங்குகிற பரம்பரை. மெஷினைச் சும்மா பெட்டியைப் பார்த்து வாங்குவேனா?

கடையில் வரிசையாக நின்றன. சூப் கடைகிற கைத்தடி மாதிரி ஒன்று. பத்துப் பன்னிரண்டு தட்டுகளோடு கரட் சீவவும் மா குழைக்கவும் ஒரு பெரிய மெஷின். கண்ணாடி ஜாடி வைத்த மிக்ஸர். விற்கிற பெண், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். உழுந்துக்கு எனக்கு ஜெர்மன் தெரியாது. அவரைக்கொட்டை என்றேன். சூப்புக்கா என்றாள். சூப் இல்லை என்று சொல்லி டப்பாவைத் திறந்து காட்டி, இதை இதில் போட்டு ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். அவள் பின்னால் ஓரடி வைத்தாள். பிறகு மேலாளர் வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார், கடையில் சாப்பாட்டுச் சாமான் திறக்கக் கூடாதென்று. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடித் தன் பைக்குள் வைத்தாள். அந்த வெட்கத்தில் எனக்கு எதையாவது வாங்கிக்கொண்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. கண்ணாடி ஜாடிக்காரனைத் தூக்கினேன்.

அதன் விளக்கப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு நானே வாசித்து அவளுக்குச் சொன்னேன். ஒரு நிமிடம் ஓட்டலாம். பிறகு பத்து நிமிடம் ஆறவிட வேண்டும்.

"ஒரு நிமிஷத்திலை என்ன அரைபடும்?" என்றாள். பிறகு, "பரவாயில்லை. ஆற ஆற அரைக்கிறன். எனக்கென்ன அவசரம்?"

முப்பத்தோராம் நாள் விடியவே உழுந்து ஊறியிருந்தது. மத்தியானத்துக்குள் படைக்க வேண்டும். இரண்டு மணிக்கு எனக்கு வேலை. அவள் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் ஓட்டுவாள், நிறுத்துவாள், மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பாள். வடைக்குத் தண்ணீர் விட முடியாது. தண்ணீர் இல்லாமல் அலகு வெறுமனே சுற்றும், உழுந்து ஜாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி ஒரு நிமிடம். ஏழெட்டுத் தரம் அப்படிச் செய்தாள். பாதிதான் அரைபட்டிருந்தது. அவள் முகத்தில் அவசரமே இல்லை. தாய்க்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்கிறவள் மாதிரி நின்றாள். தாய்க்குச் செய்ய அவளுக்குக் கிடைத்தது அந்த நேரம் மட்டும்தான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"நீர் போய்த் தலை தோஞ்சிட்டு வாரும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

"பத்து நிமிஷம் விடுங்கோ, என்ன?"

"ஓம், ஓம்."

நான்கு நிமிடம் பொறுத்தேன் என்று நினைக்கிறேன். வேலைக்குப் பிந்தினால் முதலாளி முகத்தைத் தூக்குவான் என்ற எண்ணம் ஒரு பக்கம். கடையில் பட்ட வெட்கம் இன்னும் உள்ளே கிடந்தது ஒரு பக்கம். விசையை அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிடம் ஆனது, விடவில்லை. அரைபடுகிறது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். சத்தம் கட்டை தட்டியது. அடியிலிருந்து புகை வந்தது. கையை எடுக்கும் முன்பே மெஷின் தானே நின்றுவிட்டது.

மனைவி ஈரத் தலையோடு ஓடி வந்தாள். கருகிய மணம் வீடு முழுக்க நிறைந்திருந்தது.

"எவ்வளவு நேரம் ஆறவிட்டனீங்கள்?"

நான் வயரைப் பிடுங்கினேன். அவள் ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் ஜாடியைக் கழற்றி, அதில் இருந்ததை விரலால் வழித்து எடுத்தாள். முழுப்பருப்பும் அரைப்பருப்புமாகப் பிசைந்து தட்டி எண்ணெயில் போட்டாள். வடை வெளியே கருகி, உள்ளே கல்லாக வந்தது. ஏழு வடை.

தாயின் படத்துக்கு முன்னால் தாமரை இலை இல்லை, வாழை இலை இல்லை. தட்டையான ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் சோறும் கறிகளும் வைத்தாள். கடைசியாக வடையை எடுத்தவள் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அம்மாவாலை இதைக் கடிக்க ஏலாது" என்றாள்.

பிறகு கீழே உட்கார்ந்து, அந்தக் கல் வடைகளை ஒவ்வொன்றாக நகத்தால் பிய்த்துத் தூளாக்கி, சோற்றுக்குப் பக்கத்தில் குவிக்கத் தொடங்கினாள். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வடையையும் முடித்தாள். எனக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது. அவள் முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன். அதற்கு மட்டும் எனக்குப் பொறுமை இருந்தது.