போர்டு அறையில் ஒரு முழக்கக்காரன்

கம்பெனி வாசலில் நின்று கத்துகிறவனுக்குத் தொண்டைதான் கட்டும். உள்ளே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் கழுத்தே மாட்டும். துண்டுப் பிரசுரம் படித்து வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. கூட்டங்களில் கை தூக்கி மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்காக எழுதுகிறேன்.

வாசலில் சலாம்

எங்கள் மட்டாஞ்சேரி இறால் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். அதனால் போர்டில் எங்களுக்கு ஓர் இடம் உண்டு. என்னை அனுப்பினார்கள், வேறு யாரை அனுப்புவார்கள்? முப்பது வருடம் நான் மறியல் செய்த வாசலில் காவலாளி எழுந்து சலாம் வைத்தான். இறால் உரிக்கும் பாத்திமா பார்த்துவிட்டாள்.

"சலாம் வாங்கிக்கோங்க சேட்டா. எங்க ஷெட்டுக்கு மேல போற அமோனியா குழாயை மறந்தா, அடுத்த மறியல் உங்க வீட்டு வாசல்லதான்."

பழக்க தோஷம்

இறாலை உறைய வைக்கும் குளிர் அறைக்குப் போகும் அந்தக் குழாய் துருப்பிடித்திருந்தது. கசியும் வாயுவில் பெண்களுக்குக் கண் எரியும். மாற்றுவதை அடுத்த சீசனுக்குத் தள்ளலாம் என்றார் சேர்மன். நான் மேஜையைத் தட்டி, "தொழிலாளர் உயிர் மலிவல்ல!" என்று முழங்கிவிட்டு வெளிநடப்பு செய்தேன். வாசலில் தோழர்கள் மாலை போட்டார்கள். கூட்டம் முடிந்து கம்பெனிச் செயலாளர் லதா மேடம் இறங்கி வந்தார்.

"எதிர்ப்பைக் கூட்டக் குறிப்புல பதியச் சொல்லாமலே போயிட்டீங்களே சாரே! தீர்மானம் ஏகமனதா பாஸாயிடுச்சு. குழாய் வெடிச்சா போலீஸ் கேஸ் உங்க மேலயும் வரும். மாலையோட ஜெயிலுக்குப் போறீங்களா?"

அசையாத நாற்காலி

அடுத்த கூட்டத்தில் குழாய் விஷயத்தை மறுபடி கிளப்பினேன். "சகாவே, கதவு திறந்துதான் இருக்கு" என்று சேர்மன் கிண்டல் செய்தார். நான் எழுந்திருக்கவில்லை. "குழாய் ஆபத்து என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி யாரும் தெரியாது என்று தப்ப முடியாது. தள்ளிவைக்கச் சொல்கிறவர்கள் கை தூக்குங்கள், மேடம் பெயர் பெயராக எழுதட்டும்" என்றேன்.

எழும்பிய கைகள் பாதியில் திரும்பி முந்திரித் தட்டுக்குப் போயின. பிராட்வே கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் டைரக்டர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை, முந்திரிக்குத் தவிர.

"எனக்குக் கடை இருக்கு, பிள்ளைகள் இருக்கு. குழாயை மாத்தித் தொலைங்க!"

புதுக் குழாய்

மாற்றினார்கள். ஷெட்டுக்குப் போய்ப் பெருமையாக நின்றேன். பாத்திமா தலை நிமிராமல் இறால் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"கண்ணு எரியல சேட்டா. இறால் நாத்தம் இப்பத்தான் சரியா தெரியுது. அதுக்கும் ஒரு தீர்மானம் போடுங்க."

இத்தனை வருடம் முதலாளிகளின் மனசாட்சிக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியவன் நான். பக்கத்திலேயே இருந்த பயத்தின் கதவைத் தட்டியிருந்தால் என்றைக்கோ திறந்திருப்பார்கள்.