துணைக்கு விழுங்கிய குழாய்

அம்மாவுக்கு முதலில் வந்தது வெறும் ஏப்பம்தான். சாப்பிட்டு முடித்ததும் மார்புக்குக் கீழே தடவிக்கொண்டு, "காத்துடி, வேற ஒண்ணுமில்ல" என்பாள். தேயிலைத் தோட்டத்துக் கடையில் வாங்கிய வெள்ளை வயிற்று மருந்து எங்கள் சமையலறை ஜன்னலில் எப்போதும் இருக்கும். கொழுந்து எடுக்கக் கிளம்பும் முன் மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவாள். கொஞ்ச நாளில் தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கினாள். அப்புறம் ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். கறுப்பாக வாந்தி எடுத்த அன்றுதான் என்னோடும் தம்பியோடும் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள். மலைமேல் தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பைச் சுவர் முழுக்கப் புற்று பரவி இறுகிப் போய்விட்டது, அறுத்து எடுக்கவும் வழியில்லை என்றார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

பல வருடங்கள் ஓடின. என் கணவரும் போய்ச் சேர்ந்தார். மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். நானும் தம்பியும்தான் தோட்டத்து வீட்டில் மிஞ்சினோம். நான் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கும் பகுதியில் இருக்கிறேன். தம்பி திரிங்காப்பில் ஒரு சீனத் தவ்கேயிடம், அதாவது முதலாளியிடம், காய்கறி லோரி ஓட்டுகிறான். கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போவான், வெறுங்கூடைகளோடு திரும்பி வருவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், லோரியைக் கட்டிக்கொண்டாயிற்று என்று சிரிப்பான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறும்போது அவன் ஏப்பம் விட்டான். விட்டுவிட்டு மார்புக்குக் கீழே தடவினான். தோசை திருப்பிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"கேஸ்-லா அக்கா. நேரத்துக்குச் சாப்புடுறதில்ல, அதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஏப்பத்துக்கெல்லாம் யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? டாக்டரு சிரிக்கப் போறாரு."

அடுத்த வாரம் அவன் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து அதே வெள்ளை மருந்தின் சிறிய பொட்டலங்கள் விழுந்தன. வரிசையாகக் கிழித்துக் குடித்திருந்தான். அன்று சாயங்காலம் நான் சோறு போடவில்லை. அவன் வந்து அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"குழாய் விட்டுப் பாக்கணும்னு சொல்லுவாங்க" என்றான். குரல் இறங்கிவிட்டது. "அம்மாவுக்கு விட்டப்ப நான் கதவுக்கு வெளிய நின்னேன்க்கா. உள்ள அம்மா ஓங்கரிச்ச சத்தம் இன்னும் கேக்குது. என்னால முடியாது."

லோரியை இருட்டிலும் பனியிலும் அந்த வளைவுகளில் இறக்குகிறவன் அவன். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒனக்கு மட்டும் என்ன, நானும் முழுங்குறேன். ரெண்டு பேருமே போவோம்" என்று சொல்லிவைத்தேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நீ முழுங்குனாத்தான் நான்."

வாய்தவறி வந்த பேச்சு பந்தயமாகிவிட்டது. தானா ராத்தாவில் டாக்டரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னபோது, அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஒரு நோவும் இல்லை, தம்பி பயப்படுகிறான், அதற்காகத்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு இருந்ததென்றால் பிள்ளைகள் இருவருமே பார்த்துக்கொள்வது நல்லதுதான் என்று சொல்லி இருவருக்கும் ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார்.

வாடகைக் காடி பிடித்து விடிந்ததும் கிளம்பினோம். வெறும் வயிறு. கோலா தெர்லா தாண்டும் வரை பனி விலகவில்லை. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல் தெரிந்தன.

அவனை முதலில் கூப்பிட்டார்கள். மயக்க ஊசி போடச் சொல்லிக் கெஞ்சி வாங்கிக்கொண்டான். நான் வெளியே உட்கார்ந்து அம்மாவின் முகத்தை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கதவு திறந்தபோது எழுந்தேன். மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். சின்னப் புண்தானாம். ஒரு கிருமி இருக்கிறதாம், மாத்திரைக்குச் சரியாகிவிடுமாம். கட்டிலில் தம்பி அரைத்தூக்கத்தில் கையை உயர்த்தி, "ஒண்ணுமில்லக்கா, இப்ப ஒன் முறை" என்றான். எனக்கு அழுகை வந்தது. அம்மா போன வழியிலிருந்து அவனைப் பறித்துக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வாக்குக் கொடுத்தாயிற்றே என்று உள்ளே போனேன்.

தூங்கி வழிகிறவனை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் ஊசி வேண்டாம் என்றுவிட்டேன். தொண்டையில் கசப்பு மருந்து அடித்தார்கள். நாக்கு மரத்து, எச்சில் விழுங்குவதே தெரியவில்லை. இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையம் வைத்தார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும். "ஜாங்கான் தாக்குட், மக்சிக்" என்றாள், பயப்படாதீங்கம்மா என்று. குழாய் இறங்கியது. ஓங்கரித்தேன், கண்ணில் நீர் கொட்டியது. மிஸி தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு பிடிபட்டது. எதிரே திரை. அதில் என் வயிறு.

ரோஜா நிறம். ஈரமாக, மடிப்பு மடிப்பாக, குழந்தையின் வாய் உட்பக்கம் போல இருந்தது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் மிஸியோடு மதியச் சாப்பாட்டைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே குழாயைத் திருப்பினாள். படம் வேகமாக ஓடியது. ஒரு இடத்தைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்தது.

பேச்சு நின்றுவிட்டது.

எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. மற்ற இடம் போலத்தான் இருந்தது, கொஞ்சம் வெளிறியிருந்ததோ என்னவோ. டாக்டர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாள். பிறகு ஏதோ பொத்தானை அழுத்தினாள். திரை முழுதும் சட்டென்று பச்சையும் நீலமுமாக மாறியது. அந்த நிறத்தில், சற்றுமுன் ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், பழுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. ஓரம் ஒழுங்கில்லை. உள்ளே மெல்லிய ரத்தக் குழாய்கள் தாறுமாறாக ஓடின. டாக்டர் நீல மருந்து ஒன்றைத் தெளிக்கச் சொன்னாள். மருந்து மடிப்புகளில் வழிந்து, திட்டைச் சுற்றி மை போலத் தங்கி, அதன் உருவத்தை வரைந்து காட்டியது.

என் தோளில் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றிருந்தது.

குழாய் வழியாகச் சின்ன இடுக்கி ஒன்று வந்து அந்த இடத்தைக் கடித்து ஒரு துணுக்கை எடுத்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். துளி ரத்தம் கசிந்தது. வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் தேவலை. அம்மாவுக்கும் எத்தனை வருடம் இப்படி வலிக்காமல் இருந்திருக்கும் என்று அப்போதுதான் பயம் பிடித்தது.

பரிசோதனை முடிவு வரும் வரை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். தொழிற்சாலை இரைச்சலில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், அது வசதி. வீட்டில் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரை சாப்பிட்டு அவன் ஏப்பம் நின்றுவிட்டிருந்தது. அதற்காக வெட்கப்படுகிறவன் போல நடமாடினான்.

மறுபடி ஈப்போவுக்குப் போனபோது டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. புற்றுதான். ஆனால் ஆரம்பம், இரைப்பையின் மேல் தோலோடு நிற்கிறது போலிருக்கிறது, வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே உரித்து எடுத்துவிடலாம், கோலாலம்பூரில் செய்கிறார்கள் என்றாள். இன்னும் ஒன்றிரண்டு வருடம் கழித்து வந்திருந்தால் வேறு மாதிரிப் பேச வேண்டியிருந்திருக்கும் என்றும் சொன்னாள்.

வெளியே வந்ததும் தம்பி நடைபாதைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்குத்தானேக்கா வந்துருக்கணும். ஏப்பம் விட்டது நான்."

"பைத்தியம். நீ விட்ட ஏப்பந்தான்டா என்னைய இங்க கொண்டாந்துச்சு."

"அப்பிடிச் சொல்லாத."

"பின்ன எப்பிடிச் சொல்றது?"

அவன் போய் ஆஸ்பத்திரிக் கடையில் எனக்கு ஒரு மைலோ வாங்கி வந்தான், நான் குடித்து முடிக்கும் வரை எதிரே நின்றான்.

கோலாலம்பூரில் மயக்கத்தில்தான் செய்தார்கள். திட்டுக்கு அடியில் ஏதோ நீரை ஏற்றி அதை உப்ப வைத்து, சுற்றி அறுத்து, உரித்து எடுத்தார்களாம். விழித்தபோது வயிற்றில் தையலும் இல்லை, கட்டும் இல்லை. தொண்டை மட்டும் புண்ணாக இருந்தது. எடுத்த துண்டின் ஓரங்களில் நோய் இல்லை, ஆழமாகவும் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள். தோட்டத்தில் சிலர் நம்பவே இல்லை. வெட்டுக்காயம் இல்லாமல் என்ன புற்று, என்ன ஆபரேசன் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் வயிற்றைத் தொட்டே பார்த்தாள்.

அடுத்த பரிசோதனையில் எல்லாம் சுத்தம். தம்பி முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தான். நானும் பயத்தை இறக்கி வைத்தேன்.

இந்த வருடம் போனபோது, திரையில் படம் மறுபடியும் ஒரு இடத்தில் நின்றது. பழைய தழும்பு இல்லை, அதற்கு எதிர்ச் சுவர். பச்சை வெளிச்சம். நீல மருந்து. இடுக்கி. புற்று இல்லை, ஆனால் தோல் மாறத் தொடங்கியிருக்கிறது, இனி வருடத்துக்கு ஒரு முறை போதாது, அடிக்கடி பார்க்க வேண்டும் என்றாள் அதே டாக்டர். ஒரு முறை முளைத்த நிலம், களையைப் பிடுங்கினாலும் கண்ணை எடுக்க முடியாது என்று தம்பி காய்கறிக்காரன் பாஷையில் எனக்கு விளக்கினான்.

அடுத்த பரிசோதனை நாளைக்கு. இன்று மதியம் விடாத மழையில் ஈப்போ போகும் பாதையில் மண் சரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியைத் தள்ளி வைக்கலாம் என்றேன். தம்பி லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"தள்ளி வைக்கிறதா? தாப்பா பக்கமா சுத்திப் போவோம்லா. இப்பவே கெளம்பு, ராத்திரி ஈப்போவுல தங்கிக்கலாம்."

"இந்த மழையிலயா? அந்தப் பாதையும் சரிஞ்சா?"

"ஏறுக்கா" என்றான்.

ஏறினேன். பின்னால் வெறுங்கூடைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதின. தானா ராத்தா தாண்டியதும் பனி கண்ணாடியை மூடிக்கொண்டது. தம்பி விளக்கைத் தாழ்த்தி, முகத்தை முன்னால் நீட்டி, பாதையின் வெள்ளைக் கோட்டைத் தேடித் தேடி ஓட்டினான்.