முகூர்த்தம் இல்லாத நாட்களில் வாலிபால்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். எங்கள் வாலிபால் அணிக்கு இருந்தது ஒரே ஒரு மண் கோர்ட். ஜூனில் மழை தொடங்கினால் தண்ணீர் நின்றுவிடும். வடிந்து காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். உள்ளரங்கம் வேண்டுமென்று அரசுக்கு எழுதினோம். நிதி இல்லை என்று பதில் வந்தது.

அப்போதுதான் எங்கள் பிரின்சிபால் அம்மா ஒரு புதிய பேச்சோடு கூட்டத்துக்கு வந்தார். பொது–தனியார் கூட்டு. கல்லூரி நிலம் கொடுக்கும். தனியார் ஒருவர் தன் செலவில் அரங்கம் கட்டுவார். பல வருஷம் அவரே நடத்தி, போட்ட முதலை எடுத்த பிறகு கல்லூரியிடம் ஒப்படைப்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாரைவிடவும் அதிகமாகக் கை தட்டியது நான்.

முன்வந்தவர் சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த தமிழ் வியாபாரி. கட்டட வேலைகளும் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். நானும் தமிழ் என்பதால் அவரோடு பேச என்னையே அனுப்பினார்கள். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். இதமாகப் பேசுகிற மனிதர். வரைபடத்தில் இவ்வளவு பெரிய மேடை எதற்கு என்று கேட்டேன். பரிசளிப்பு விழா நடத்த வேண்டாமா என்றார். சாப்பாட்டுக் கூடம்? வெளியூர் அணிகள் வந்தால் எங்கே சாப்பிடுவார்கள் என்றார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தார்.

காலையும் மாலையும் எங்கள் அணிக்கு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கையெழுத்தான பிறகு பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, அந்த வரி ‘முன்பதிவு இல்லாத நேரங்களில்’ என்று மாறியிருப்பதைச் சொன்னார். அப்படி இருந்தால்தான் வங்கி கடன் கொடுக்குமாம். என்ன முன்பதிவு என்று கேட்டேன். வேறு போட்டிகளாக இருக்கும் என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அரங்கம் எழுந்தது. பழைய மண் கோர்ட்டின் மேல் தார் போட்டு, கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். திறப்பு விழாவன்று என் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தளத்தில் நடந்து பார்த்தார்கள். அணித் தலைவி விழிஞ்ஞத்துக்காரி, கடலுக்குப் போகிற குடும்பம். உயரமாக எம்பி அடிப்பாள். அன்று குனிந்து தளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

ஆவணி பிறந்ததும் முதல் கல்யாணம் வந்தது. பிறகு நிற்கவே இல்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பந்தல் அலங்காரம், மறுநாள் கழுவித் துடைப்பது என்று ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் போனது. கடைசியில் நான் பஞ்சாங்கம் ஒன்று வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டேன். கரிநாள், அஷ்டமி, நவமி எல்லாம் எங்களுக்கு நல்ல நாட்கள். அடுத்த ஆடி மாதம் முழுக்க நம்முடையது என்று பெண்களிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆடியில் ஒரு ஜவுளிக்கடை தள்ளுபடி விற்பனைக்கு அரங்கத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் நெட் கட்டும் கம்பங்களில் புடவைகள் தொங்கின.

“டீச்சரே, நம்ம ஸ்டேடியம்தானே? பின்ன நாம எப்பம் களிக்கிறது?” என்று அணித் தலைவி பாதி மலையாளத்தில் கேட்டாள். விளையாட வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. சனிக்கிழமைகளில் அவள் ஊர்க் கடற்கரைக்குப் பஸ்ஸில் போய் மணலில் பயிற்சி செய்தோம்.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை எங்களுக்கே ஒதுக்கினார்கள், புது அரங்கம் இருக்கிறதே என்று. முதல் சுற்று முடிந்தது. அரையிறுதி நாளில் ஒரு கல்யாணம் முன்பே பதிவாகியிருந்தது. போட்டியை நகரத்தின் மறுகோடியில் இன்னொரு கல்லூரிக்கு மாற்றினார்கள். அங்கே தோற்றோம். மணலில் பழகிய கால்கள் மரத்தளத்தில் எம்பியபோது, பந்து வருவதற்கு முன்பே கைகள் மேலே போய் நின்றன.

மறுநாள் காலை பயிற்சிக்கு எல்லாரையும் வரச் சொன்னேன். அன்றும் அரங்கத்தில் கல்யாணம். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நெட்டைக் கட்டினோம். கல்யாணக் கார்கள் வாசலிலிருந்து சாலை வரை வரிசையாக நின்றன. பட்டுப் புடவைக்காரர்கள் இறங்கி நடந்தார்கள். அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

“டீச்சர், இது நியாயமா? மாப்பிள்ளை வீட்டுக் கார் ரோட்டுல நிக்குது.”

“எங்க பிள்ளைங்களும்தான் ரோட்டுல நிக்குறாங்க, அண்ணாச்சி.”

அவர் கத்தவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “வட்டி மாசாமாசம் வருது. அதை உங்க வாலிபால் கட்டுமா? நான் தர்மத்துக்குக் கட்டலைன்னு உங்க காலேஜுக்குத் தெரியும். உங்ககிட்ட மட்டும்தான் யாரும் சொல்லல.”

அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. சண்டை போட வேண்டியவர்கள் கல்லூரி மாடியில் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கார் உள்ளே போக நெட்டை அவிழ்த்தோம். போனதும் மறுபடி கட்டினோம்.

எனக்கு மெமோ வந்தது. கல்லூரியின் பெயரைக் கெடுத்தேனாம். ஆனால் அந்தக் கல்யாண வீட்டார் எங்கே எல்லாம் போய்ப் புகார் சொன்னார்களோ, அடுத்த மாதமே அண்ணாச்சியும் பிரின்சிபாலும் உட்கார்ந்து பேசி, வார நாட்களில் காலை இரண்டு மணி நேரம் அரங்கத்தை அணிக்கு விட்டார்கள். முந்தின நாள் கல்யாணம் நடந்திருந்தால் கூட்டிப் பெருக்குவது எங்கள் பொறுப்பு. உதிர்ந்த மல்லிகையையும் அட்சதையையும் கூட்டி அள்ளிய பிறகுதான் பெண்கள் ஓடத் தொடங்குவார்கள். அட்சதை ஒன்றிரண்டு தங்கிவிட்டால் கால் வழுக்கும்.

விழிஞ்ஞத்துக்காரிக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவள் ஊரிலிருந்து பஸ் மாறி வந்து சேரும்போது நேரம் பாதி போயிருக்கும். என் வீட்டில் தங்கிக்கொள் என்றேன். அம்மாவுக்கு உதவி வேண்டும் என்று தயங்கினாள். அந்த வருஷத்தோடு படிப்பும் முடிந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் விருந்தினர் வந்தால் பிரின்சிபால் அரங்கத்தைக் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார். போவேன். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பேன்.