செம்பூரில் கருகிய சோளம்

பம்பாய் செம்பூரில் உரத் தொழிற்சாலை மதிலை ஒட்டிய குத்தகை நிலத்தில் இசக்கியும் தம்பி நயினாரும் மக்காச்சோளம் போட்டார்கள். மழைக்காலத்தில் ஸ்டேஷன் வாசலில் கதிரைச் சுட்டு ‘புட்டா’ என்று விற்கிறவர்கள் அவர்கள் கதிருக்குக் காத்திருப்பார்கள்.

அறுபத்து நாலில் அந்தத் தொழிற்சாலை சூப்பர் பாஸ்பேட் செய்ய ஆரம்பித்தது. அடுத்த மழைக்குத் தோகை நுனியெல்லாம் கருகியது. கதிரில் மணி பிடிக்கவில்லை. உரம் வைப்பது நயினாரின் வேலை.

"உரத்த அள்ளிக் கொட்டிப் பயிரக் கொன்னுட்டியேல!" ஊர்க்காரர்கள் முன்னால் இசக்கி கத்தினான்.

"எப்பவும் வைக்கிற அளவுதாண்ணே வச்சேன்."

இசக்கி கேட்கவில்லை. ஓங்கி அறைந்தான். நயினார் அன்றே துணிமூட்டையோடு தாராவிக்குப் போனான்.

மறுவருடம் இசக்கி ஒரு பிடி உரம்கூட வைக்கவில்லை. அப்படியும் தோகை கருகியது.  வாடிக்கையாகக் கதிர் வாங்கும் ஷ்யாமளா மாதுங்காவில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டீச்சர். அவளிடம் தோகைகளைக் கொண்டுபோனான். ஆலைப் புகை எட்டாத தாணேயிலிருந்தும் சோளத் தோகை வரவழைத்து, இரண்டையும் சோதித்துவிட்டு அவள் சொன்னாள்:

"இலை வெயில்ல சர்க்கரை பண்றது. அதை உடைச்சாத்தான் செல்லுக்குத் தெம்பு. ஆலைப் புகையில ஃப்ளோரைடு வர்றது. இலை அதை உறிஞ்சிண்டா, சர்க்கரையை உடைக்கற நொதி ஒண்ணு முடங்கிப் போயிடறது. உங்க காட்டுல பச்சையா இருக்கற தோகைகூட உள்ளே தெம்பத்துக் கிடக்கு."

"அப்ப உரத்தால இல்லியா, டீச்சரம்மா?"

"நீங்க வச்ச உரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவள் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு தொழிற்சாலைக்குப் போனான். அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். "பாதி இலை பச்சையாத்தானே இருக்கு? தண்ணி பத்தலை" என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தாராவியில் விசாரித்தபோது, நயினார் அதே தொழிற்சாலையில் மூட்டை பிடிக்கிறான் என்றார்கள். ஷிப்டு முடியும் நேரம் இசக்கி கேட்டில் நின்றான். நயினார் புருவமெல்லாம் சாம்பல்தூளோடு வந்தான். இசக்கி எல்லாவற்றையும் சொன்னான்.

"டீச்சரம்மா சொன்னதும் நம்புதீரு. நான் சொன்னப்ப ஏண்ணே நம்பல?"

 நயினார் பஸ் வரிசையில் போய் நின்றுகொண்டான்.

அடுத்த வருடம் நிலத்தைத் தொழிற்சாலையே வளைத்துக்கொண்டது. இசக்கியும் தாராவிக்கு வந்து தோல் கிடங்கில் சேர்ந்தான். தம்பி வீடு இரண்டு சந்து தள்ளித்தான். அறுபத்தொன்பதில் நயினாருக்குக் கல்யாணம் நடந்தது. சந்து முழுக்கப் பத்திரிகை வைத்தவன், அண்ணன் வாசலை மட்டும் தாண்டிப் போனான்.